தென்னிந்தியாவில் எறும்புக்கூடு சேகரிப்பு

காட்டிலும் தோட்டத்திலும் எறும்புக்கூடுகளைத் தேடிக் கண்டடைவதும், அவற்றிலிருந்து எறும்புகளை மாதிரிகளாகவோ ராணியுடன் உயிருள்ள கூட்டமாகவோ எடுத்துச் சேர்ப்பதும் எறும்புக்கூடு சேகரிப்பு எனப்படுகிறது. தென்னிந்தியாவில் இது 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய மருத்துவர்கள், படை அதிகாரிகள், வனத்துறையினர் ஆகியோரின் ஓய்வுநேர ஈடுபாடாகத் தொடங்கியது. பேச்சிப்பாறை மலைகளை உள்ளடக்கிய பழைய திருவிதாங்கூர் அரசின் நிலப்பகுதி இவ்வரலாற்றில் தொடக்கம் முதலே இடம்பெறுகிறது. முதல் நூறாண்டுகளில் சேகரிப்பாளர்கள் தேடியது எறும்பின் பெயரை. பின்னர் வந்தவர்கள் எறும்புக் கூட்டத்தின் வாழ்க்கையைத் தேடினர். இன்று அதே கூட்டம் விலைக்கு விற்கப்படும் பொருளாகவும் ஆகியிருக்கிறது.

நாட்டு வழக்கு

எறும்புகளைப் பிரித்தறிந்து பெயரிடும் வழக்கம் தமிழில் நெடுங்காலமாக உள்ளது. கட்டெறும்பு, சிற்றெறும்பு, செவ்வெறும்பு, பிள்ளையார் எறும்பு, முசுறு ஆகிய பெயர்கள் நிறம், அளவு, கடி, வாழுமிடம் ஆகியவற்றைக் கொண்டு அமைந்தவை. குமரி மாவட்டத்தின் மா, முந்திரித் தோட்டங்களில் வேலைசெய்பவர்கள் முசுறை முதலில் கடியால் அறிகிறார்கள். மரத்தின் பச்சை இலைகளை எறும்புகள் வரிசையாக நின்று இழுத்துப் பிடிக்க, வேறு எறும்புகள் தம் புழுக்களை வாயில் கவ்விக்கொண்டு அவை சுரக்கும் பட்டிழையால் அந்த இலைகளை ஒட்டுகின்றன. இப்படி அமைவதே முசுற்றுக்கூடு.

உலகில் எறும்புக்கூடு சேகரிப்பு பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இந்த முசுறு பற்றியதே. பொ.யு. 304-ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் சீனத் தாவர நூல் ஒன்று, இன்றைய வட வியட்நாம் பகுதியில் எறும்புகளை இலையும் கிளையுமாகக் கூட்டோடு பாய்ப்பைகளில் வைத்துச் சந்தையில் விற்றதைக் குறிப்பிடுகிறது. ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பூச்சிகளிலிருந்து பழங்களைக் காக்க அவற்றை வாங்கி மரங்களில் விட்டனர். உழவுக்கு உதவும் பொருளாக எறும்புக்கூடு விற்கப்பட்டதன் பதிவு இது.

ஜெர்டான்

தென்னிந்திய எறும்புகளைத் தொகுத்து அறிவியல் முறையில் பட்டியலிட்ட முதல் முயற்சி தாமஸ் கேவர்ஹில் ஜெர்டானுடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1836-இல் சென்னை மாகாணத்துக்கு வந்த ஜெர்டான், பறவையியலாளராகவே இன்று நினைவுகூரப்படுகிறார். 1851-இல் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழ் ஒன்றில் தென்னிந்திய எறும்புகளின் பட்டியலை வெளியிட்டார். அதில் பல எறும்புகள் முதல்முறையாக விவரிக்கப்பட்டன.

அவற்றில் ஒன்று நீண்ட தாடைகளும் பெரிய கண்களும் கொண்ட, ஒன்றரை சென்டிமீட்டர் அளவுள்ள எறும்பு. ஆபத்தின்போதும் இரையைப் பிடிக்கும்போதும் அது தாவிக் குதிக்கும். ஆகவே தாவுவது என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டார் ஜெர்டான். இன்று அது ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர் என்று அழைக்கப்படுகிறது.

ஜெர்டானின் எறும்பு மாதிரிகள் பின்னாளைய ஆய்வாளர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர் எழுதிய விவரணைகளைக் கொண்டே அடுத்த தலைமுறையினர் அவரது எறும்புகளை மீண்டும் அடையாளம் காண வேண்டியிருந்தது.

ஃபோரலும் சேகரிப்பாளர்களும்

1890-களில் இந்திய எறும்பு சேகரிப்பு ஒரு வலையமைப்பாக மாறியது. அதன் மையத்தில் இருந்தவர் ஆகுஸ்ட் ஃபோரல். அவர் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த உளமருத்துவர். சூரிச் நகரின் புகழ்பெற்ற மனநோய் மருத்துவமனையின் இயக்குநராக இருந்தபடியே உலகெங்கும் இருந்து வரும் எறும்புகளை ஆராய்ந்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1892 முதல் இந்தியா, இலங்கை எறும்புகளைப் பற்றிய அவரது தொடர் கட்டுரை பிரெஞ்சு மொழியில் பகுதி பகுதியாக வெளிவந்தது.

ஃபோரலுக்கு எறும்புகளை அனுப்பியவர்கள் தொழில்முறை பூச்சியியலாளர்கள் அல்லர். பம்பாய் மாகாண வன அதிகாரியான ராபர்ட் சார்ல்ஸ் ராட்டன் அவர்களில் முதன்மையானவர். அவர் 1892-இல் ஆங்கிலத்தில் எழுதிய எறும்புகள் பற்றிய கட்டுரை இந்தியாவில் இருந்த ஆர்வலர்கள் பலரை இத்துறைக்கு இழுத்தது. திருவிதாங்கூரிலிருந்து எறும்புகளை அனுப்பியவர் ஹெரால்ட் ஃபெர்குசன். அவர் திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்தவர். ஃபோரல் விவரித்த ஏனிக்டஸ் ஃபெர்குசனி, ஃபெய்டோலே ஃபெர்குசனி ஆகிய எறும்பினங்கள் அவருடைய பெயரைத் தாங்கியவை.

இந்தத் தேடல்களின் விளைவுகளைத் தொகுத்தவர் சார்ல்ஸ் தாமஸ் பிங்ஹாம். படை அதிகாரியாக இருந்து பர்மாவின் வனத்துறைக்குச் சென்றவர். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் பற்றிய நூல்வரிசையில் அவர் எழுதிய எறும்புகள் பற்றிய தொகுதி 1903-இல் வெளிவந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்திய எறும்புகளை அடையாளம் காண்பதற்கு அது அடிப்படை நூலாக இருந்துவருகிறது.

இடம் இல்லாத எறும்புகள்

அக்கால நூல்களில் ஒவ்வொரு எறும்பினத்துக்கும் கிடைத்த இடமும், அடைப்புக்குறிக்குள் சேகரித்தவர் பெயரும் தரப்பட்டன. ஃபெர்குசன் அனுப்பிய எறும்புகள் பலவற்றுக்கு இடம் திருவிதாங்கூர் என்ற ஒற்றைச் சொல்லே. அன்றைய திருவிதாங்கூர் கன்னியாகுமரி முனையிலிருந்து பெரியாறு மலைகளைத் தாண்டி விரிந்திருந்தது. கோதையாற்றுக்குக் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டப்பட்டது 1897 முதல் 1906 வரை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் இந்த எறும்புகள் ஐரோப்பாவுக்குச் சென்றன. அணைநீர் சூழ்ந்த பள்ளத்தாக்கும், பின்னர் ரப்பர் தோட்டங்களான சரிவுகளும், காணிக்காரர்களின் குடியிருப்புகள் அமைந்த மேல்காடும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எந்த எறும்பு எந்தக் காட்டில் இருந்தது என்று தெரியாதபோது, அந்தக் காடு மாறிய பிறகு அங்கே எது அழிந்தது என்பதையும் சொல்ல முடிவதில்லை.

அடைப்புக்குறிக்குள் இடம்பெற்றவை அதிகாரிகளின் பெயர்கள். அவர்களுக்குக் காட்டில் வழிகாட்டியவர்கள், மண்ணை வெட்டியவர்கள், மரம் ஏறியவர்கள் ஆகியோரின் பெயர்களுக்கு அந்த வடிவத்தில் இடமே இருக்கவில்லை.

கண்ணாடிக் கூடு

இந்தியாவில் எறும்புகள் குண்டூசியில் குத்தப்பட்டும் மதுசாரத்தில் இடப்பட்டும் சேகரிக்கப்பட்டபோது இங்கிலாந்தில் வேறொரு முறை புகழ்பெற்றிருந்தது. வங்கியாளரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஜான் லப்பக் இரு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே மெல்லிய மண் அடுக்கை வைத்து அதில் எறும்புக் கூட்டங்களை வளர்த்தார். அந்த அவதானிப்புகள் 1882-இல் நூலாக வெளிவந்தன. அவர் 1874-இல் பிடித்து வளர்த்த ராணி எறும்பு ஒன்று 1888 வரை உயிருடன் இருந்தது. பூச்சி ஒன்று அத்தனை ஆண்டுகள் வாழக்கூடும் என்பது அன்று வியப்பளித்த செய்தி. ஊசியில் குத்தப்பட்ட எறும்பைக் கொண்டு அதை அறிந்திருக்க முடியாது.

வீட்டில் எறும்பு வளர்க்கும் இன்றைய பொழுதுபோக்கு லப்பக்கின் கண்ணாடிக் கூட்டின் வழிவந்தது. இன்று ஆர்வலர்கள் பெரும்பாலும் கூட்டைத் தோண்டுவதில்லை. மழைக்குப்பின் இறகுள்ள எறும்புகள் கூட்டமாகப் பறந்து இணைசேரும். பின்பு ராணி தரையிறங்கி இறகை உதிர்த்துவிட்டு மண்ணில் புகுவதற்கு இடம் தேடும். அப்போது அதைப் பிடித்து, அடியில் நீரும் பஞ்சும் அடைத்த சோதனைக்குழாயில் விடுகிறார்கள். பல இனங்களில் ராணி உணவே இன்றித் தன் உடலில் உள்ள சேமிப்பைக் கொண்டு முதல் தலைமுறையை வளர்த்துவிடும்.

தாவும் எறும்பின் கூடு

ஜெர்டான் பெயரிட்ட தாவும் எறும்பு ஏறத்தாழ 140 ஆண்டுகள் பெயராகவே நீடித்தது. 1990-களில் கிறிஸ்டியன் பீட்டர்ஸ், பெர்ட் ஹோல்டாப்ளர் ஆகியோர் கர்நாடகத்தில் அதன் கூடுகளைத் தேடித் தோண்டினர். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் எறும்பு ஆய்வாளரான முஸ்தாக் அலி இந்த ஆய்வில் பங்கேற்றார். தென்னிந்திய எறும்புகளைப் பல்லாண்டுகள் சேகரித்து வகைப்படுத்தியவர் அவர். 1994-இல் வெளிவந்த கட்டுரையில் அந்தக் கூட்டின் அமைப்பு விவரிக்கப்பட்டது.

கூட்டின் மேலறை மண்ணுக்குள் தனியாக நிற்கும் கூண்டு போன்றது. அறையின் சுவருக்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் இடையில் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. அறையின் உட்சுவரில் எறும்புகள் தாம் வெளிவந்த பட்டுக்கூடுகளின் துண்டுகளைக் காகிதம் போல ஒட்டியிருந்தன. மழைவெள்ளம் மண்ணில் இறங்கும்போது அறைக்குள் நீர் புகாமல் காக்கும் ஏற்பாடாக இது கருதப்படுகிறது. இத்தனை பெரிய கட்டுமானத்தில் குடியிருப்பவை பெரும்பாலும் நூற்றுக்கும் குறைவான எறும்புகள்.

ராணி இறந்தபின் இந்தக் கூட்டம் அழிவதில்லை. வேலைக்கார எறும்புகள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று அடித்துப் போட்டியிடுகின்றன. வெல்பவை முட்டையிடத் தொடங்குகின்றன. பீட்டர்ஸும் ஹோல்டாப்ளரும் 1995-இல் இதற்கு ஒரு விளக்கம் அளித்தனர். கட்டுவதற்கு மிகுந்த உழைப்பு தேவைப்படும் கூட்டைக் கைவிட்டுப் புதிய இடத்தில் தொடங்குவது இந்த எறும்புக்கு இயலாது. எனவே ராணிக்குப் பின்னும் அதே கூட்டில் நீடிக்க ஏற்ற வாழ்க்கைமுறை உருவாகியுள்ளது என்றனர். இந்த எறும்புக் கூட்டத்தின் முதன்மையான செல்வம் அதன் கூடுதான். கூட்டத்தை எடுப்பதற்கு அதைத்தான் முதலில் உடைக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வகத்தில்

1990-களில் கர்நாடகத்தில் எடுக்கப்பட்ட கூட்டங்களின் வழித்தோன்றல்கள் அமெரிக்க ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டன. 2010-இல் முதன்முதலாக மரபணுத்தொகை முழுமையாக வாசிக்கப்பட்ட இரு எறும்புகளில் ஒன்று இந்தத் தாவும் எறும்பு. 2017-இல் மரபணு திருத்தப்பட்ட முதல் எறும்புகளில் ஒன்றாகவும் ஆகியது. முட்டையிடத் தொடங்கும் வேலைக்கார எறும்பின் மூளை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கிவிடுகிறது என்றும், அது மீண்டும் பழைய வேலைக்குத் திருப்பப்பட்டால் மூளை திரும்ப வளர்கிறது என்றும் 2021-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. தொகைநூலில் ஒரு பெயராக இருந்த தென்னிந்திய எறும்பு முதுமை, மூளை, நடத்தை ஆகியவற்றை ஆராய்வதற்கான முக்கியமான உயிரிகளில் ஒன்றாக மாறியது. கூட்டம் உயிருடன் எடுக்கப்பட்டதனால் நிகழ்ந்தது இது.

இந்தியாவிலேயே நிகழ்ந்த கணக்கெடுப்புகளும் இக்காலத்தில் விரிந்தன. ராகவேந்திர கடக்கர் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளில் குழிப்பொறி, விளக்குப்பொறி, நேரடித் தேடல் ஆகிய முறைகளால் சேகரித்து 1993-இல் 140 எறும்பினங்களைப் பதிவுசெய்தனர். 2016-இல் ஹிமேந்தர் பார்த்தி குழுவினர் வெளியிட்ட பட்டியலின்படி இந்தியாவில் பதிவான எறும்பினங்களும் துணையினங்களும் 828. இந்தப் பட்டியல் மாநிலவாரியாகப் பரவலைத் தந்தது. ஃபெர்குசன் காலத்து ஒற்றைச் சொல்லிலிருந்து இடத்தை மீட்டெடுக்கும் பணியின் ஒரு கட்டம் இது.

சந்தை

21-ஆம் நூற்றாண்டில் எறும்பு வளர்ப்பு ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வணிகமாகப் பெருகியது. 2025 ஏப்ரலில் கென்யாவின் நைவாஷாவில் பெல்ஜியத்தைச் சேர்ந்த இரு இளைஞர்கள் ஏறத்தாழ 5000 ராணி எறும்புகளுடன் கைதுசெய்யப்பட்டனர். எறும்புகள் பஞ்சு அடைத்த சோதனைக்குழாய்களில் வைக்கப்பட்டிருந்தன. யானைத் தந்தம் கடத்தலை எதிர்கொண்டு பழகிய கென்ய அதிகாரிகள் இதை உயிர்வளக் கொள்ளையின் புதிய வடிவமாகக் கண்டனர். அடுத்த மாதம் நீதிமன்றம் 10 லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம், அல்லது ஓராண்டு சிறை என்று தீர்ப்பளித்தது.

ஒரு கூட்டிலிருந்து சில வேலைக்கார எறும்புகளை எடுப்பதும் ராணியை எடுப்பதும் ஒன்றல்ல. வேலைக்கார எறும்புகளின் இழப்பைக் கூட்டம் ஈடுசெய்துகொள்ளும். இணைசேர்ந்த ராணியை எடுத்தால், இனி உருவாகவிருந்த ஒரு கூட்டம் முழுமையாக இல்லாமலாகிறது. புதிய நாட்டில் தப்பிச் செல்லும் எறும்புகள் அங்குள்ள எறும்புகளை அழிக்கவும் கூடும்.

சட்டம்

இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் அனுமதியின்றி எந்தக் காட்டுயிரையும் எடுக்கக்கூடாது. பேச்சிப்பாறையை ஒட்டிய காடுகளில் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் அமைந்துள்ளது. 2002-ஆம் ஆண்டு உயிரியப் பன்மயச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் இந்திய உயிர்வளங்களை ஆய்வுக்கோ வணிகத்துக்கோ எடுக்கச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உயிரியப் பன்மய ஆணையத்தின் ஒப்புதல் தேவை. டார்ஜிலிங் பகுதியிலுள்ள சிங்கலிலா தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பூச்சிகளைச் சேகரித்ததாக 2008-இல் இரு செக் நாட்டினர் கைதுசெய்யப்பட்டுத் தண்டிக்கப்பட்டனர். அறிவியலாளர்கள் பலர் அவர்களுக்கு ஆதரவாகக் குரல்கொடுத்தனர். ஆய்வுக்கான சேகரிப்புக்கும் கடத்தலுக்கும் இடையிலான எல்லை பற்றிய விவாதம் அதன்பின் வலுப்பெற்றது.

வரலாற்று இடம்

ஜெர்டான், ராட்டன், ஃபெர்குசன் போன்ற ஆர்வலர்களின் ஓய்வுநேரத் தேடலே இந்திய எறும்பியலின் அடித்தளம். ஆனால் அந்தச் சேகரிப்பு எறும்பை அதன் இடத்திலிருந்தும் கூட்டிலிருந்தும் பிரித்தது. பிற்கால ஆய்வு கூட்டத்தின் வாழ்க்கையை வெளிப்படுத்தியது. அதன் பெரும்பகுதி நிகழ்ந்தது அயல்நாட்டு ஆய்வகங்களில். இன்றைய வணிகத்துக்குப் பெயரும் வேண்டியதில்லை, வாழ்க்கையும் வேண்டியதில்லை, ராணி மட்டுமே போதும். எறும்பு எங்கே, எந்த மண்ணில், எந்த மரத்தடியில் வாழ்ந்தது என்ற குறிப்பே சேகரிப்பை அறிவாக ஆக்குகிறது. கூட்டைக் கலைக்காமல், கண்ட இடத்தையும் நாளையும் எழுதிவைக்கும் உள்ளூர் ஆர்வலர் ஒருவர் இன்று செய்யக்கூடிய பங்களிப்பு அதுவே. திருவிதாங்கூர் என்ற சொல்லுக்குள் மறைந்துபோன பேச்சிப்பாறை போன்ற காடுகளுக்கு அந்தக் குறிப்பு இன்னும் தேவைப்படுகிறது.