கோல் காப்பாளனும் தனித்து வரும் எதிரியும்

உதைபந்தாட்டத்தைக் காண்போர் பெரும்பாலும் பந்தின் பின்னேயே கண்ணை ஓடவிடுவர். பந்து எங்கே செல்கின்றதோ அங்கேயே ஆரவாரமும் செல்லும். ஆனால் மைதானம் முழுவதும் மூச்சடக்கி நிற்கும் கட்டம் ஒன்றும் ஆட்டத்தில் உண்டு. எதிரணியின் முன்கள வீரன் ஒருவன் காவல் வரிசையைப் பிளந்துகொண்டு பந்துடன் தனித்து ஓடி வருகின்றான். அவனுக்கு முன்னே எஞ்சியிருப்பவன் கோல் காப்பாளன் ஒருவனே. ஏனைய இருபது பேரும் பயனின்றி நிற்க, இருவர் மாத்திரம் எதிர்ப்படும் அவ்வேளையில் காப்பாளன் யாது செய்தல் வேண்டும்? கோட்டிலேயே நிற்பதா? முன்னே பாய்வதா? பொறுத்திருப்பதா? இவ்வினாவுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக விடை தேடப்பட்டு வந்துள்ளது. அவ்விடைகள் ஏட்டிலிருந்து கற்கப்பட்டவை அல்ல. எலும்பு முறிந்தும், ஒருகால் உயிரையே கொடுத்தும் கற்கப்பட்டவை.

இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் 1863ஆம் ஆண்டு லண்டனில் தோன்றியபோது வகுத்த முதல் விதிகளில் கோல் காப்பாளன் என்றொருவன் இருக்கவில்லை. 1870இல் பந்தைக் கையாளுதல் எல்லோருக்கும் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டே, தன் கோலைக் காத்தற்பொருட்டு ஒருவன் மாத்திரம் கைகளைப் பயன்படுத்தலாம் என விதி திருத்தப்பட்டது. 1871இல் இவ்வாறு பிறந்த காப்பாளன் பெரிய பாதுகாப்பு எதனையும் பெற்றானல்லன். அந்நாளில் எதிரணியினர் அவனைத் தோளால் மோதிக் கோலுக்குள்ளே தள்ளுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது. ஆதலின் உடல் வலிமையே காப்பாளனுக்கு முதல் இலக்கணமாயிற்று. கோலை விட்டு வெளியே வருதல் துணிச்சல் எனப்பட்டதிலும் மடமை எனப்பட்டதே மிகுதி.

அவ்வழக்கத்தை மீறியவர்களுள் வேல்ஸ் நாட்டின் லீ ரிச்மண்ட் ரூஸ் தலையாயவர். 1912 வரை காப்பாளன் தன் அணியின் பாதி மைதானம் எங்கும் பந்தைக் கையாளலாம் என்பதே விதி. ரூஸ் இவ்விதியின் முழுப்பயனையும் கொண்டார். பந்தை நிலத்தில் தட்டித் தட்டி நடுக்கோடு வரையும் சென்றார். முன்கள வீரர் பந்தை அடக்குமுன்னரே பாய்ந்து அதனைக் கவர்ந்தார். 1912இல் கையாளும் உரிமை பெனால்டி எல்லைக்குள் அடக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 1916இல், ரூஸ் முதலாம் உலகப் போரில் பிரான்சின் சொம் போர்முனையில் உயிர் நீத்தார். விதி அவரைப் பின்வாங்கச் செய்தது. எனினும் காப்பாளன் கோட்டோடு கட்டுண்டவன் அல்லன் என்னும் எண்ணத்தை அவர் விதைத்துச் சென்றார்.

அவ்விதைக்கு நீர் வார்த்தது 1925ஆம் ஆண்டின் விதித் திருத்தம். அதற்கு முன்னர், முன்கள வீரனுக்குப் பந்து அனுப்பப்படும் வேளையில் அவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவராவது இருத்தல் வேண்டும், இல்லையேல் ஓஃப்சைட். 1925இல் மூவர் இருவராகக் குறைக்கப்பட்டனர். அவ்விருவருள் ஒருவன் பெரும்பாலும் காப்பாளனே. ஆகவே கடைசிக் காவல் வீரன் ஒருவன் சற்றுக் கால் தவறினாலும் கோல் வழி திறந்துவிடும். இங்கிலாந்தின் முதற் பிரிவுப் போட்டிகளில் 1924-25 பருவத்தில் 1,192 கோல்கள் இடப்பட்டன. அடுத்த பருவத்தில் அத்தொகை 1,703 ஆயிற்று. எப்போதோ நிகழ்ந்த தனிப்போர் அதன்பின் காப்பாளனின் அன்றாடத் தொழிலாயிற்று.

இனி, காப்பாளன் ஏன் முன்னே வருகின்றான் என்பதை நோக்குதல் தகும். கோலின் அகலம் 24 அடி. உயரம் 8 அடி. பெனால்டி எல்லையின் விளிம்பு கோல் கோட்டிலிருந்து 18 யார், அஃதாவது 54 அடி தொலைவில் உள்ளது. கோலுக்கு நேராக அவ்விளிம்பில் பந்துடன் ஒருவன் வருகின்றான் எனக் கொள்வோம். காப்பாளன் கோட்டிலேயே நின்றால் 24 அடியையும் அவன் காத்தாக வேண்டும். சரிபாதித் தூரம் முன்னே வந்தானாயின், பந்திலிருந்து இரு கம்பங்களுக்கும் செல்லும் கோடுகளின் இடைவெளி அங்கே 12 அடியாகக் குறுகிவிடும். முக்காற் பங்கு தூரம் வந்தானாயின் 6 அடியே எஞ்சும். கைகளை விரித்தால் அதனை ஏறத்தாழ மூடிவிடலாம். பள்ளி மாணவர் கற்கும் ஒத்த முக்கோணங்களின் கணக்கே இது.

ஆயினும் கணக்கு ஒரு பக்கத்தையே காட்டும். முன்னே வரும் காப்பாளனின் தலைக்கு மேலாகப் பந்தை மெல்ல உயர்த்திவிடலாம். அல்லது அவனை விலத்திக்கொண்டு பக்கவாட்டில் ஓடலாம். காப்பாளன் ஓடிக்கொண்டிருக்கையில் பந்து உதைக்கப்படுமானால், அவனால் உடலை எப்பக்கமும் திருப்ப இயலாது. ஆதலின் எதிரியின் காலைவிட்டுப் பந்து சிறிது விலகி உருளும் வேளையில் முன்னேறுதல் வேண்டும். அவன் உதைக்கக் கால் ஓங்கும் வேளையில் நின்று நிலைகொள்ளுதல் வேண்டும். பந்து கைக்கெட்டும் தொலைவுக்கு வந்துவிட்டால், எதிரியின் கால்களுக்கிடையே தலையையும் மார்பையும் கொடுத்து அதனை அணைத்துக்கொள்ளுதல் வேண்டும். இம்மூன்றாவது செயலே பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது.

ஸ்கொட்லாந்தின் செல்டிக் கழகத்துக்கு ஆடிய ஜோன் தொம்சன் சுரங்கத் தொழிலாளர் வாழும் ஊரிலிருந்து வந்தவர். இளமையிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 1927இல், பதினெட்டு வயதில், செல்டிக் அணியின் கோலைக் காக்கத் தொடங்கினார். எதிரியின் காலடியில் அஞ்சாது பாய்வதில் அவருக்கு இணையில்லை என்றனர். 1930இல் அவ்வாறு பாய்ந்து தாடையும் விலாவும் முறிந்தன. ஆறியதும் மீண்டும் அதேபோன்று பாய்ந்தார்.

1931 செப்டெம்பர் 5ஆம் நாள் கிளாஸ்கோ நகரின் ஐபுரொக்ஸ் மைதானத்தில், ஏறத்தாழ 80,000 மக்கள் முன்னிலையில், செல்டிக் அணி ரேஞ்சர்ஸ் அணியை எதிர்த்தாடியது. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் ரேஞ்சர்ஸ் அணியின் சாம் இங்கிலிஷ் என்னும் இளைஞர் தனித்து ஓடி வந்தார். தொம்சன் வெளியே வந்து அவர் காலடியில் பாய்ந்தார். பந்து கோலைத் தவறியது. ஆனால் காப்பாளரின் தலை எதிரியின் முழங்காலில் மோதி மண்டையோடு உடைந்தது. ரேஞ்சர்ஸ் ஆதரவாளர் சிலர் கூச்சலிட்டபோது, நிலைமையை உணர்ந்த அவ்வணியின் தலைவர் டேவிட் மைக்கிள்ஜோன் கையுயர்த்தி அவர்களை அடக்கினார். அன்றிரவே தொம்சன் இறந்தார், வயது 22. அவர் இறுதி ஊர்வலத்தில் கலந்துகொள்ளக் கிளாஸ்கோவிலிருந்து கால்நடையாகவே சென்றோரும் உளர்.

தொம்சனை உலகம் மறக்கவில்லை. ஆனால் அத்தனிப்போரில் மற்றவர் ஒருவரும் இருந்தார் என்பதைப் பலர் மறந்தனர். நிகழ்ந்தது தற்செயலான விபத்தே என விசாரணை முடிவு கூறியது; தொம்சனின் குடும்பத்தாரும் சாம் இங்கிலிஷைக் குற்றஞ்சாட்டவில்லை. அப்பருவத்தில் அவர் 44 கோல்களை இட்டார். ரேஞ்சர்ஸ் கழகத்தின் லீக் வரலாற்றில் அது ஒரு சாதனை. எனினும் அவர் சென்ற மைதானங்களில் எதிரணி ஆதரவாளர் அவரைக் கொலைகாரன் என்று ஏசினர். 1932இல் அவர் ஸ்கொட்லாந்தை விட்டு லிவர்பூல் கழகத்துக்குச் சென்றார். அங்கும் அப்பழி தொடர்ந்தது. ஒரு கணத்தில் ஒருவர் உயிரை இழந்தார். மற்றவர் ஆட்டத்தின் மகிழ்ச்சியை இழந்தார்.

இருபத்தைந்து ஆண்டுகளின் பின்னர், 1956 மே 5ஆம் நாள், வெம்பிளி மைதானத்தில் மற்றுமொரு காப்பாளர் இவ்வாறே பாய்ந்தார். அவர் பேர்ட் ட்ரவுட்மன். ஜேர்மன் படைவீரராகப் போரிட்டுச் சிறைப்பட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். 1949இல் மன்செஸ்டர் சிட்டி அவரைச் சேர்த்தபோது பகைநாட்டவர் எனப் பல்லாயிரம் பேர் எதிர்த்தனர். அன்று பர்மிங்ஹாம் சிட்டி அணியுடன் நடந்த இறுதியாட்டம் முடிய ஏறத்தாழக் கால் மணி நேரம் இருக்கையில், பீற்றர் மேர்பியின் காலடியில் பாய்ந்து பந்தைப் பற்றினார். மோதலில் கழுத்து அடிபட்டது. மாற்று வீரரை இறக்க அக்காலத்து விதி இடந்தராது. கழுத்தைப் பிடித்தவாறே எஞ்சிய நேரமும் நின்று காத்தார். அவரணி 3-1 என வென்றது. கழுத்தெலும்பு முறிந்திருந்தமை சில நாட்களின் பின்னரே எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது. அவரை எதிர்த்த நகரமே அவரைத் தன் மகனாக ஏற்றது.

இத்தகைய வீரத்தைப் போற்றுதல் இயல்பு. ஆயினும் அடிபடாமற் காப்பதே மேலான கலை என்பதை உலகம் மெல்ல உணர்ந்தது. சோவியத் நாட்டின் லெவ் யாஷின் இவ்வழியில் பெரும் ஆசானாக விளங்கினார். கோட்டிலிருந்து முன்னே வந்து நின்று, காவல் வீரரை ஓயாது கூவி நெறிப்படுத்தி, தனிப்போர் நேருமுன்னரே அதனைத் தடுத்தல் அவர் முறை. 1963இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதை அவர் பெற்றார். அவ்விருதைப் பெற்ற கோல் காப்பாளர் அவர் ஒருவரே.

மறுபுறத்தில், முன்னே பாயும் உரிமை வரம்பு கடந்தால் யாது நிகழும் என்பதை 1982ஆம் ஆண்டின் உலகக் கிண்ண அரையிறுதி காட்டிற்று. ஸ்பெயினின் செவில் நகரில் ஜூலை 8ஆம் நாள் பிரான்சின் பத்திஸ்தோன் தனித்து ஓடி வந்து பந்தை உதைத்தார். மேற்கு ஜேர்மனியின் காப்பாளர் ஷூமாக்கர் பாய்ந்து வந்து, உதைத்து முடித்த அவர் மீது உடலால் மோதினார். பத்திஸ்தோன் நினைவிழந்து வீழ்ந்தார்; பற்கள் உடைந்தன; முதுகெலும்பிலும் காயம். நடுவரோ தவறென ஊதவில்லை. முன்பு காப்பாளனுக்காக இரங்கிய உலகம் அன்று காப்பாளன் முன் நின்ற வீரனுக்காகவும் நீதி கேட்டது.

1990இல் விதியும் இறுகியது. கோல் இடும் தெளிவான வாய்ப்புடன் செல்பவனை முறைகேடாகத் தடுப்பவன் களத்தை விட்டு வெளியேற்றப்படுவான் என்றாயிற்று. 2006இல் பாரிஸ் நகரில் நடந்த ஐரோப்பியக் கழகங்களின் இறுதியாட்டத்தில், பார்சலோனாவின் எட்டோவைத் தடுத்து வீழ்த்திய ஆர்செனல் காப்பாளர் லேமன் 18ஆம் நிமிடத்திலேயே வெளியேற நேர்ந்தது. பெனால்டி எல்லைக்குள் பந்தை எடுக்கவே மெய்யாக முயன்றவனுக்கு மஞ்சள் அட்டையே போதும் என 2016இல் இவ்விதி சற்றுத் தளர்த்தப்பட்டது. பாயும் ஒவ்வொரு காப்பாளனும் இன்று எலும்பை மட்டுமன்றி அணியின் எண்ணிக்கையையும் பணயம் வைக்கின்றான்.

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் எனத் திருக்குறள் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளது. கோல் காப்பாளர் வலிமையை முதலிற் கற்றனர். இடத்தைப் பின்னர் கற்றனர். காலத்தை அறிதலே அவர்களுக்கு இறுதியில் வாய்த்தது. டென்மார்க்கின் பீற்றர் ஷ்மைக்கல், பந்தைக் கையால் எறிந்து ஆடும் ஹேண்ட்போல் ஆட்டத்தின் காப்பாளர் முறையைத் தழுவி, பாய்ந்து படுக்காமல் இறுதிவரை நின்று, கைகால்களை நாற்புறமும் விரித்து எதிரியை மறித்தார். பதறிப் படுப்பவன் தன் முடிவை எதிரிக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றான். நிற்பவனோ முடிவு செய்யும் சுமையை எதிரியின் மேல் ஏற்றுகின்றான்.

2010 ஜூலை 11ஆம் நாள் ஜொஹான்னஸ்பர்க் நகரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தில், நெதர்லாந்தின் ரொபன் தனித்து வந்தார். ஸ்பெயினின் கஸியாஸ் உடல் ஒருபுறம் சரிந்தும் காலை மறுபுறம் விட்டுவைத்தார். அப்பாதணியில் பட்டுப் பந்து வெளியே சென்றது. ஸ்பெயின் 1-0 என வென்றது. 2022 டிசெம்பர் 18ஆம் நாள் கட்டார் நாட்டு இறுதியாட்டத்தில், 3-3 எனச் சமநிலையில், மேலதிக நேரமும் கடந்த 123ஆவது நிமிடத்தில், பிரான்சின் கோலோ முவானி தனித்து வந்தார். ஆர்ஜென்டீனாவின் மார்ட்டினெஸ் முன்னே வந்து, நின்று, கைகளை விரித்து, இடக்காலை நீட்டினார். பந்து அக்காலில் பட்டுத் திரும்பியது. பின்னர் நடந்த பெனால்டி உதைகளில் 4-2 என அவரணி கிண்ணத்தைக் கைப்பற்றியது.

பதறாத காரியம் சிதறாது என்பர் நம் முன்னோர். தொம்சனின் துணிவு குறைந்ததன்று. அத்துணிவு இல்லாதவன் இன்றும் காப்பாளனாக நிற்க இயலாது. அவர் காலத்தில் துணிவு ஒன்றே கருவியாக இருந்தது. பின்வந்தோர் அதனோடு பொறுமையையும் சேர்த்தனர். சட்டம் இருவர் உடலுக்கும் காவலாக வந்து சேர்ந்தது. ஓடி வருபவன் பகைவன் அல்லன், அவனும் ஓர் ஆட்டக்காரனே என்பதை மறவாமல் அவன் முன் அஞ்சாது நிற்பவனே சிறந்த காப்பாளன். ஆட்டம் முடிந்த பின்னர் இருவரும் எழுந்து நின்று கைகுலுக்கும்போதே அத்தனிப்போர் முறையாக நிறைவுறுகின்றது.