நாயாற்றுக் கரையில் சிறுவரும் கூலி வேலையும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலர் பிரிவில், செம்மலைக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் இடையே களப்பு கடலோடு சேரும் இடம் நாயாறு. கடற்றொழிலே இதன் பிழைப்பு. படிக்கிற பிள்ளை கூலிக்குப் போகலாமா என்ற கேள்வி இங்கே முதலில் கரைவலையோடுதான் வருகிறது.

கரைவலைக்கு ஆள்பலம் வேண்டும். கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டு, படகில் வளைத்துப் போய் மறுமுனையைக் கரை சேர்ப்பார்கள். இரு பக்கமும் ஆட்கள் நின்று நெடுநேரம் இழுத்தால்தான் வலையின் மடி கரை தட்டும். அதன் பிறகுதான் சிறுவரின் கைக்கு வேலை: நெத்தலி வேறு, சூடை வேறு, காரல் வேறாகப் பிரிப்பது, பெட்டி தூக்குவது, மீனவர் குடிலான வாடியில் கருவாட்டுக்கு மீன் காயப்போடுவது. கூலி சில வேளை காசு, சில வேளை கறிக்கு மீன். தகப்பனுக்குக் கைகொடுப்பது எங்கே முடிகிறது, வலை முதலாளியான சம்மாட்டியிடம் வேலை செய்வது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். சிறுவன் ஏமாற்றப்படுவதும் பெரும்பாலும் இந்த மங்கலில்தான்.

இலங்கையில் வேலைக்கான குறைந்தபட்ச வயது 16. பெண்கள், இளையோர், சிறுவர்களைத் தொழிலுக்கமர்த்தல் பற்றிய 1956 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கச் சட்டத்தின்படி நெடுங்காலம் 14 ஆக இருந்த எல்லை 2021 இல்தான் உயர்த்தப்பட்டது. கட்டாயக் கல்வி வயதோ 2016 இலேயே 16 ஆகிவிட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகள் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு வரச் சொன்னது ஒரு விதி, வேலைக்கு எடுக்க இடம் கொடுத்தது இன்னொரு விதி. சர்வதேச தொழில் தாபனத்தின் 138 ஆம் இலக்கச் சமவாயம், படிப்புக்கும் உடல்நலத்துக்கும் கேடில்லாத இலகு வேலைக்கு 13 வயதிலிருந்தே நாடுகள் இடமளிக்கலாம் என்கிறது.

வேலை செய்யும் பிள்ளைகள் எல்லோரும் சட்டம் சொல்லும் ‘சிறுவர் உழைப்பு’க்குள் வருவதில்லை. 2016 ஆம் ஆண்டின் சிறுவர் செயற்பாட்டு ஆய்வு, 5 முதல் 17 வயது வரை 1,03,704 பேர் வேலை செய்வதாகக் கண்டது. அவர்களில் 43,714 பேரே சிறுவர் உழைப்பாளர். ஆனால் அந்த 43,714 பேரில் 39,007 பேர் செய்தது ஆபத்தான வேலை. எல்லை ஒருமுறை மீறப்பட்டால் அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு இந்த எண்ணே போதும்.

நாயாற்றில் எல்லையைக் குலைப்பது வறுமை. 2004 ஆழிப்பேரலையும் 2009 இல் முடிந்த போரும் இக்கரையில் உழைக்கும் ஆண்களையும் தொழில் முதலையும் கொண்டுபோயின. 2018 ஆகஸ்டில் தமிழ் மீனவரின் படகுகளும் வலைகளும் வாடிகளும் எரிக்கப்பட்டன. முதல் இழந்த வீட்டில் மூத்த பிள்ளையின் கூலி சோற்றுக்காசு ஆகிவிடுகிறது. அவ்வீட்டாரிடம் சட்டப் புத்தகத்தை மட்டும் நீட்டுவது நியாயமில்லை. படகும் வலையும் திரும்பக் கிடைத்தால்தான் பிள்ளை பள்ளிக்குத் திரும்பும்.

காலமும் எதிராக நிற்கிறது. இக்கரையில் கடல் அமைதியாக இருப்பது மாரி ஓய்ந்த மாதங்களில். அப்போது பள்ளித் தவணையும் நடக்கிறது. விடியற்காலையில் வளைத்த வலை கரையேறுமுன் பள்ளி மணி அடித்துவிடும். ஆகவே 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைக் கூலிக்கு அழைப்பது தவறு. விடுமுறை நாளில் பெற்றோரோடு கரையில் நின்று தொழில் பழகுவது தவறன்று. சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களே கூலி வேலைக்குப் பொருத்தமானவை. அப்போதும் பகல் வெளிச்சத்தில், கரை வேலை மட்டும், கூலி பிள்ளையின் கையிலேயே சேர வேண்டும். ஆழ்கடல் தொழில் 18 வரை கூடாது.

பிள்ளையை வெளியூர் வீட்டு வேலைக்கு அனுப்புவது கரைக் கூலியைவிடக் கொடியது. 2021 ஜூலையில், கொழும்பில் வேலை செய்த வீட்டில் தீக்காயமுற்ற 16 வயது மலையகச் சிறுமி மருத்துவமனையில் இறந்தாள். கரையில் நிற்கும் பிள்ளையை ஊர் பார்க்கிறது. பூட்டிய வீட்டுக்குள் இருப்பவளைப் பார்க்க யாருமில்லை. அதே ஆண்டில் ஆபத்தான தொழில்களின் பட்டியல் 51 இலிருந்து 71 ஆக விரிந்தது, வீட்டு வேலையும் அதில் சேர்ந்தது. முறைப்பாடுகளைத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்லலாம்.