எலி கொடுத்த தாளம்: மூளைக் காந்தத் தூண்டலின் கதை

1/ "காந்தத்தை எடுத்த பிறகும் பலன் எப்படி டாக்டர் நிக்கும்?" மனச்சோர்வுக்கு டிஎம்எஸ் சிகிச்சை பற்றிச் சொன்னா வர்ற நியாயமான கேள்வி. பதில் முயல், எலி, சுண்டெலிகிட்ட இருக்கு. வாங்க.

2/ 1966, ஆஸ்லோ. மயக்கத்தில் இருந்த முயலின் ஹிப்போகேம்பஸில் டெர்ஜே லோமோ மின்துடிப்புகளை வேகவேகமாகக் கொடுத்தார். நிறுத்திய பிறகும் பல மணி நேரம் அந்த சினாப்ஸ்கள், அதாவது நரம்பு செல்கள் பேசிக்கொள்ளும் சந்திப்புகள், வலுவாகவே இருந்தன. நடக்க நடக்கத் தடம் பதியும் ஒற்றையடிப் பாதை மாதிரி. டிம் பிளிஸ்ஸுடன் சேர்ந்து 1973-ல் விரிவாக வெளியிட்டார்.

3/ ஆனா இதுக்கு மண்டையோட்டைத் திறக்கணும். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு தலைமேல் ஒரு கம்பிச்சுருளை வைத்தது. நொடிக்கும் குறைவில் மாறும் காந்தப்புலம் எலும்பைத் தாண்டி, மூளையில் மின்சாரம் உண்டாக்கியது. கை துடித்தது!

4/ எந்தத் தாளத்தில் தூண்டுறது? எலி புது இடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது அதன் ஹிப்போகேம்பஸில் 'தீட்டா' அலை ஓடும். அதே தாளத்தில் மின்துடிப்பு கொடுத்தா சினாப்ஸ் நல்லா வலுப்பெறுதுன்னு 1980-களில் தெரிந்தது. 2005-ல் லண்டன் குழு ஒன்று அதைக் காந்தத்துக்குக் கொண்டுவந்தது: மும்மூன்று துடிப்புகள், நொடிக்கு 5 முறை. இடைவெளி விட்டுக் கொடுத்தா மனித மூளையின் இயக்கப்பகுதி சுறுசுறுப்பானது. விடாமக் கொடுத்தா மந்தமானது.

5/ உண்மையிலேயே சினாப்ஸ்தான் மாறுதா? 2012-ல் ஜெர்மனியில், ஆய்வகத்தில் வளர்த்த சுண்டெலி மூளைத் துண்டுகளில் நொடிக்கு 10 துடிப்பு கொடுத்துப் பார்த்தாங்க. சினாப்ஸ் வலுத்தது. நரம்புக் கிளைகளின் நுண்முட்கள் பருத்திருந்தன.

6/ கவனம்: துண்டுக்கு மண்டையோடு கிடையாது. முழு எலியிலோ, நமக்கான சுருள் அதன் தலையைவிடப் பெரிசு. மூளை முழுக்கத் தூண்டப்படும். அதனால எலியில் நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும்னு சொல்லக் கூடாது. மனிதர்களில் தனியா சோதிக்கணும்.

7/ சோதிச்சாங்க. 2018, கனடா. மாத்திரை பலன் தராத 414 பேர். வழக்கமான 37 நிமிடத் தூண்டலுக்கு, தீட்டா தாளத்தில் 3 நிமிடத் தூண்டல் குறைஞ்சது இல்லைன்னு நிரூபணமானது.

8/ ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. மாறாத காந்தம் மூளையில் மின்சாரத்தை உண்டாக்காது. காந்த வளையல், காந்தப் படுக்கைக்கு இந்த ஆய்வுகளைச் சாட்சியாக் காட்டினா நம்பாதீங்க. வலிப்பு வந்திருந்தாலோ, தலையில் உலோகம் இருந்தாலோ டிஎம்எஸ்ஸுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.