வாக்கெடுப்பின்றி மூடப்பட்ட சுரங்கம்: கோலார் தங்கவயலும் எதிர்க்கட்சியின் நாடாளுமன்றக் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

அரசின் வேலைவாய்ப்புக் கொள்கையையும் பொருளாதாரக் கொள்கையையும் நாடாளுமன்றத்தில் கண்காணிப்பது எதிர்க்கட்சி உறுப்பினரின் முதற்கடமை. அந்தக் கண்காணிப்பு எந்த இடத்தில் பலிக்கிறது, எந்த இடத்தில் தோற்கிறது என்பதைக் கோலார் தங்கவயல் சுரங்கம் 2001இல் மூடப்பட்ட நிகழ்வைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பொதுத்துறை நிறுவனம் விற்கப்படும்போது அவை விழித்துக்கொள்கிறது. அது மூடப்படும்போது, முடிவு எடுக்கப்படும் இடமே அவைக்கு வெளியே போய்விடுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப உறுப்பினரின் பேச்சுத்திறன் மட்டும் போதாது. அவை நடைமுறையில் மாற்றம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. இரண்டு நாட்கள்

2001 பிப்ரவரி 28, மார்ச் 1 ஆகிய இரு நாட்களில் மூன்று செய்திகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. பிப்ரவரி 28 அன்று நிதியமைச்சர் யஷ்வந்த் சின்ஹா மக்களவையில் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன்னனுமதி பெற வேண்டும் என்னும் விதி, 100 பேர் பணிபுரியும் நிறுவனங்களிலிருந்தே நடைமுறையில் இருந்தது. அந்த வரம்பை 1,000 பேராக உயர்த்தலாம் என்றும், வேலை இழப்போருக்கான இழப்பீட்டை ஆண்டுக்கு 15 நாள் ஊதியத்திலிருந்து 45 நாளாகக் கூட்டலாம் என்றும் அவர் முன்மொழிந்தார். அதே நாளில் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. மறுநாள் மார்ச் 1 அன்று, பாரத் அலுமினியம் நிறுவனமான பால்கோவின் பங்குகளை விற்பதை ஏற்க மறுக்கும் தீர்மானம் மக்களவையில் விவாதிக்கப்பட்டு, 239க்கு 119 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது.

பால்கோ, பாரத் கோல்டு மைன்ஸ் இரண்டுமே ஒன்றிய அரசின் சுரங்கத் துறையின்கீழ் இருந்தவை. ஒன்றின் விற்பனையைப் பற்றி இரு அவைகளும் பேசின, மக்களவை வாக்களித்தது. மற்றொன்றின் மூடலை எந்த அவையும் வாக்குக்கு விடவில்லை. தங்கவயலைப் பற்றி அவையில் வினா எழவே இல்லை என்று இக்கட்டுரை சொல்லவில்லை. எழுந்த வினாக்களுக்கு முடிவைத் தொடும் வலிமை ஏன் இல்லாமற்போயிற்று என்பதே இங்கு ஆராயப்படுவது.

2. உடைமையின் சட்ட வடிவம்

தங்கவயலின் நவீன வரலாறு 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் வருகையோடு தொடங்குகிறது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள் திரளாக வந்து சுரங்கத்தில் இறங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வேலை பார்த்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் எடுக்கப்பட்டது. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து வென்றவர்கள் இத்தொழிலாளர்கள். 1946 நவம்பரில் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேரைப் பறிகொடுத்தவர்களும் அவர்களே.

சுரங்கங்களை 1956இல் மைசூர் அரசு சட்டம் இயற்றி உடைமையாக்கியது. 1962இல் அவை ஒன்றிய அரசின் கைக்கு வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற நிறுவனம், கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஓர் அரசு நிறுவனமாக உருவாயிற்று. இந்தக் கடைசி அடிதான் நம் வாதத்துக்கு முக்கியமானது. 2003 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் நிறுவனங்களைத் தனியாருக்கு விற்கும் முயற்சியைத் தடுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அரசுடைமையாக்கிய நிறுவனத்தை, நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தாமல் தனியாரிடம் கொடுக்க முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். தங்கவயலுக்கு இந்தக் காவல் கிடைக்கவில்லை. அதை அரசுடைமையாக்கிய சட்டம் மாநிலத்தின் சட்டம். அதை நடத்திய நிறுவனம் நிர்வாக முடிவால் பிறந்தது. நிர்வாக முடிவாலேயே அது மூடவும் பட்டது.

3. விற்பனைக்கு விவாதம் கிடைத்தது ஏன்?

பால்கோவும் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் அமைந்ததுதான். அதன் விற்பனைக்கு அவையின் ஒப்புதல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆயினும் எதிர்க்கட்சிகள் மாநிலங்களவையில் விவாதத்தையும், மக்களவையில் விதி 184இன்கீழ் வாக்கெடுப்பையும் கேட்டுப் பெற்றன. அதற்குக் காரணம், விற்பனை என்பது எளிதில் வினாவாக மாறும் பொருள் என்பதே. வாங்குபவர் ஸ்டெர்லைட் என்னும் பெயருள்ள நிறுவனம். 51 விழுக்காட்டுப் பங்குக்கு 551.5 கோடி ரூபாய் என்ற விலை இருந்தது. அந்த விலை சரியா, மதிப்பீடு செய்தவர் யார், யாருக்கு ஆதாயம் என்று கேட்க முடிந்தது. தோற்ற தீர்மானமாயினும், அரசு தன் காரணங்களை அவைக் குறிப்பில் பதிந்தாக வேண்டியதாயிற்று. அதே ஆண்டு டிசம்பரில் பால்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம், பொருளாதாரக் கொள்கையின் நன்மை தீமையை எடைபோடுவது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று தீர்ப்பளித்தது. அப்படியானால் அதை எடைபோட நாடாளுமன்றத்தை விட்டால் வேறு இடமில்லை.

மூடலுக்கு வாங்குபவரும் இல்லை, விலையும் இல்லை. கணக்கேட்டில் நட்டம் என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். நட்டம் என்பது இயற்கை நிகழ்வு போலத் தோன்றுவதால், அதன் பின்னால் இருக்கும் கொள்கையைக் கேள்விக்கு உட்படுத்துவது கடினமாகிறது. ஆனால் தங்கவயலின் நட்டத்தில் கொள்கைக்கும் பங்கு உண்டு. அச்சுரங்கத்தின் தங்கம் நெடுங்காலம் அரசு வகுத்த விலைக்கே அரசிடம் சேர்ந்தது. உள்நாட்டுச் சந்தை விலைக்கும் அந்த விலைக்கும் இருந்த வேறுபாட்டின் சுமை நிறுவனத்தின் கணக்கில் ஏறியது. மேலும் 2001இல் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 300 டாலருக்கும் கீழே கிடந்தது. பத்தே ஆண்டுகளில், 2011இல், அது 1,800 டாலரைத் தாண்டியது.

4. வினாவை நிறுத்திய மூன்று தடைகள்

எதிர்க்கட்சி உறுப்பினரின் கையில் கருவிகள் பல உண்டு: நட்சத்திரக் குறியிட்ட வினாவும் அதைத் தொடரும் துணைவினாக்களும், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கையின்மீது வெட்டுத் தீர்மானம், நிலைக்குழுக்கள், பொதுத்துறை நிறுவனங்கள் குழு. தங்கவயலின் முன் இவை மூன்று தடைகளைச் சந்தித்தன.

முதல் தடை, தீர்ப்பாயம். நலிவுற்ற தொழில் நிறுவனங்கள் சட்டம் 1991இல் திருத்தப்பட்டுப் பொதுத்துறையும் அதன் வரம்புக்குள் வந்தது. அதையடுத்துப் பாரத் கோல்டு மைன்ஸ் தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன் சென்றது. 2000இல் வாரியம் நிறுவனத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தது. பின்னர் வழக்கு உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போய், 2013 ஜூலையில்தான் இறுதித் தீர்ப்பு வந்தது. நீதிமன்றத்தின் முன் உள்ள விவகாரத்தைப் பற்றி வினா கேட்க அவை விதிகள் இடம் தருவதில்லை. தீர்ப்பாயத்தின் முன் உள்ளவை பற்றியும் பொதுவாக இடமில்லை. இருபது ஆண்டுகள் ஏதேனும் ஒரு மன்றத்தின் முன் நிலுவையில் இருந்த பொருள், மக்கள் மன்றத்தில் முழுமையாகத் திறக்கப்படவில்லை.

இரண்டாம் தடை, அரசே இரு கட்சியாக நின்றது. அன்று நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 25-ஓ பிரிவின்படி மூடலுக்கு அனுமதி கேட்பது உரிமையாளர். அனுமதி தருவது அரசு. இங்கு உரிமையாளரும் ஒன்றிய அரசு, அனுமதி தருவதும் ஒன்றிய அரசு. சுரங்கத் துறையிடம் கேட்டால் தாதுவின் தரத்தையும் நட்டத்தையும் சொல்லும். தொழிலாளர் துறையிடம் கேட்டால் சட்டப்படி அனுமதி வழங்கப்பட்டது என்று சொல்லும். வேலை இழந்தவர் எங்கே போனார் என்ற வினா எந்தத் துறைக்கும் உரியதாகவில்லை.

மூன்றாம் தடை, குழுவின் வரம்பு. 1964 முதல் இயங்கும் பொதுத்துறை நிறுவனங்கள் குழு ஒரு நிறுவனத்தின் வணிகச் செயல்பாட்டை ஆராயலாம். அரசின் பெருங்கொள்கையை ஆராய அதற்கு அதிகாரம் இல்லை. சுரங்கம் எப்படி நடத்தப்பட்டது என்று கேட்கலாம், சுரங்கம் வேண்டுமா என்று கேட்க முடியாது.

5. இருக்கை மாறினால்

1991 முதல் 2014 வரை ஏழு முறை கோலார் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்வானவர் காங்கிரசின் கே. எச். முனியப்பா. சுரங்கம் மூடப்பட்டபோது அவர் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். 2004இல் அவருடைய கட்சி ஆட்சிக்கு வந்தது. அவரும் பத்தாண்டுகள் இணையமைச்சராகச் சாலைப் போக்குவரத்து, ரயில்வே, சிறு குறு நடுத்தரத் தொழில் ஆகிய துறைகளில் பணியாற்றினார். 2006இல் ஒன்றிய அமைச்சரவை உலகளாவிய ஒப்பந்தப் புள்ளி கோர முடிவெடுத்தது. தொழிலாளர் சங்கங்களுக்கு முதல் மறுப்புரிமை தரப்பட்டது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அவ்வழியைத் திறந்துவிட்டது. சுரங்கம் திறக்கவில்லை.

ஒருவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. சுரங்கத் துறை அவர் பொறுப்பில் என்றும் இருந்ததில்லை. ஆனால் அமைச்சராகும் உறுப்பினர் வினா கேட்பவரின் இடத்தை இழக்கிறார் என்பது அமைப்பின் உண்மை. எனவே ஒரு தொகுதியின் துயரம், அந்தத் தொகுதி உறுப்பினரின் இருக்கையை மட்டும் நம்பி இருக்கலாகாது. 1957 டிசம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் செய்த முதலீடுகளை அவையில் அம்பலப்படுத்திய பெரோஸ் காந்தி ஆளுங்கட்சி உறுப்பினர். அதன் விளைவாக 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். இடித்துரைக்கும் கடமை இருக்கையைச் சார்ந்ததாக இருக்கத் தேவையில்லை என்பதற்கு நம் நாடாளுமன்றமே சான்று.

6. 2001இன் முன்மொழிவு 2020இல் வந்த விதம்

யஷ்வந்த் சின்ஹாவின் முன்மொழிவு சட்டமாகவில்லை. எதிர்க்கட்சிகளோடு, ஆளும் அணிக்கு நெருக்கமான பாரதிய மஸ்தூர் சங்கமும் அதை எதிர்த்தது. கண்காணிப்பு பலித்த இடம் இது. ஆனால் 2020 செப்டம்பரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரம் நீக்கப்பட்ட கூட்டத்தொடரில், தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு செப்டம்பர் 22இல் மக்களவையிலும் 23இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்தன. முன்னனுமதிக்கான வரம்பு 100இலிருந்து 300 ஆயிற்று. அரசு அறிவிக்கை மூலமே அதை மேலும் உயர்த்தவும் வழி செய்யப்பட்டது. 2001இல் அதோடு இணைத்துச் சொல்லப்பட்ட 45 நாள் இழப்பீடு இடம்பெறவில்லை. இழப்பீடு பழைய 15 நாளாகவே நின்றது. மறுபயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் ஊதியம் சேர்க்கப்பட்டது. முதலாளிக்குச் சொன்ன சலுகை வந்து சேர்ந்தது. தொழிலாளிக்குச் சொன்ன ஈடு பாதி வழியில் நின்றது. இதை எடுத்துக்காட்டித் திருத்தம் கோர வேண்டிய இருக்கைகள் அன்று காலியாக இருந்தன. புறக்கணிப்புக்கு எதிர்க்கட்சிகளிடம் காரணம் இருந்தது. ஆயினும் தொழிலாளியின் கணக்கில் அது இழப்பாகவே நிற்கிறது.

அதே கூட்டத்தொடரில்தான், ஊரடங்கின்போது உயிரிழந்த புலம்பெயர் தொழிலாளர் எண்ணிக்கை பற்றிய எழுத்துவழி வினாவுக்கு, அத்தகைய தரவு பராமரிக்கப்படவில்லை என்று தொழிலாளர் துறை விடையளித்தது. அந்த ஒரு விடை நாடெங்கும் பேசப்பட்டது. எண்ணிக்கை இல்லை என்ற ஒப்புதலைப் பெற்றுத் தந்ததும் ஒரு வினாதான்.

7. எதிர்வாதம்

தாது தீர்ந்துவிட்டது, ஆழம் கூடிவிட்டது, ஒரு டன் பாறைக்குக் கிடைத்த தங்கம் தொடக்க காலத்தை ஒப்பிடச் சிறு பங்காகிவிட்டது. இத்தகைய சுரங்கத்தை அவையின் வாக்கு காப்பாற்றியிருக்குமா என்று கேட்கலாம். காப்பாற்றாமலும் போயிருக்கலாம். பால்கோவையும் வாக்கெடுப்பு காப்பாற்றவில்லை. கண்காணிப்பின் பயன் முடிவை மாற்றுவதில் மட்டும் இல்லை. முடிவின் விலையை வெளிப்படுத்துவதிலும் அதை யார் கொடுப்பது என்று வரையறுப்பதிலும் இருக்கிறது. தங்கத்தின் விலை ஏறினால் என்ன செய்வீர்கள், சுரங்கக் கழிவு மண்மேடுகளில் எஞ்சிய தங்கம் யாருக்கு, மைன்ஸ் லைன்கள் என்னும் தொழிலாளர் குடியிருப்புகளில் வாழும் குடும்பங்களின் வீடு யாருக்கு, நுரையீரலில் தூசு படிந்த தொழிலாளிக்கு மருத்துவம் எங்கே என்ற நான்கு வினாக்களுக்கு 2001இலேயே அவையில் எழுத்துவழி விடை பதிவாகியிருந்தால், அடுத்த இருபதாண்டுப் போராட்டம் வெறுங்கையோடு நடந்திருக்காது. இன்றும் தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்தில் அவர்கள் வேலையுள்ளவர்கள். ஊரின் கணக்கில் அவர்கள் சுரங்கம் மூடியதன் விளைவு.

8. முடிவுரை

மூன்று நடைமுறைகள் தேவை. பொதுத்துறை நிறுவனம் ஒன்றை மூடும் முன், வேலை இழப்போர் எண்ணிக்கை, மாற்றுவழி, நிலம், வீடு, சூழல் ஆகியவை பற்றிய அறிக்கை இரு அவைகளிலும் வைக்கப்பட்டு வாக்கெடுப்பு நடக்க வேண்டும். மூடிய பின் பத்தாண்டுகளுக்கு, அத்தொழிலாளரின் நிலையைப் பற்றி ஆண்டறிக்கை அவைக்கு வர வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ளது என்ற காரணம், தொழிலாளர் நலன் குறித்த வினாவுக்குத் தடையாகக் கூடாது.

இவை தங்கவயலுக்கு இன்றே தேவைப்படுகின்றன. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 13 கழிவு மண்மேடுகள் கிடக்கும் ஏறத்தாழ 1,003 ஏக்கரில் மேற்பரப்புச் சுரங்கப் பணிக்கு ஒப்புதல் அளித்தது. சுரங்கம் மூடப்பட்டபோது தங்கவயலின் மக்களவை உறுப்பினர் ஒன்றிய எதிர்க்கட்சியைச் சேர்ந்தவர். சட்டமன்ற உறுப்பினர் அ.தி.மு.க.வைச் சேர்ந்த எம். பக்தவத்சலம். 2024 தேர்தலில் மக்களவைக்குச் சென்றவர் ஒன்றிய ஆளும் அணியின் மதச்சார்பற்ற ஜனதா தளத்தவர். 2023இல் சட்டமன்றத்துக்குச் சென்றவர் மாநில ஆளுங்கட்சியான காங்கிரசைச் சேர்ந்தவர். மக்களவையிலும் சட்டமன்றத்திலும் தங்கவயலுக்கென்று எதிர்க்கட்சி உறுப்பினர் எவரும் இல்லை. ஆகவே அம்மேடுகளில் எத்தனை பேருக்கு வேலை, அது நிரந்தர வேலையா ஒப்பந்த வேலையா, முன்னாள் தொழிலாளர் குடும்பங்களுக்கு எத்தனை இடம் என்று கேட்கும் பொறுப்பு, வேறு தொகுதிகளின் எதிர்க்கட்சி உறுப்பினர்களுக்கும் மனச்சான்றுள்ள ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்கும் வந்து சேர்கிறது. பணி தொடங்கும் முன் அந்த வினாக்களை அவையில் பதியுங்கள். தங்கவயல் ஒருமுறை வாக்கெடுப்பின்றி மூடப்பட்டது. மறுமுறை வினாவின்றித் திறக்கப்படலாகாது.