தெர்மாகோல் தொப்பி பிறந்த கதை

1935 மே 13. இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் இரண்டு பையன்கள் சைக்கிள் மிதித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் பிரஃப் சுப்பீரியர் மோட்டார் சைக்கிளில் வேகமாக வந்தவர், பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அவர்களைப் பார்த்து ஹேண்டில்பாரை ஒடித்தார். வண்டி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பேர் வாங்கிய டி. இ. லாரன்ஸ்தான் அவர். ஆறு நாள் நினைவு திரும்பாமலே கிடந்து, 46 வயதில் இறந்துபோனார். பையன்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

லாரன்ஸைப் பார்க்க வரவழைக்கப்பட்டவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை மருத்துவர். அந்தச் சாவு அவர் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்ததும் கணக்கெடுக்க உட்கார்ந்தார். முதல் 21 மாதத்தில் மோட்டார் சைக்கிளில் போய் பிரிட்டன் சாலைகளில் செத்தவர்கள் 2,279 பேர். பெரும்பாலும் தலையில் அடி. ஹெல்மெட் வேண்டும் என்று 1941இல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு நவம்பரில், தகவல் கொண்டுபோகும் ராணுவ வண்டிக்காரர்களுக்கு ஹெல்மெட் கட்டாயமானது.

சைக்கிள்காரனுக்கு? இன்னும் முப்பது ஆண்டுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. பந்தயக்காரர்கள் மட்டும் பஞ்சடைத்த தோல் பட்டைகளைத் தலையில் மாட்டிக்கொண்டார்கள். சிராய்ப்புக்குச் சரி, அடிக்கு உதவாது.

கடைசியில் கை கொடுத்தது தெர்மாகோல். ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு. வைகை அணை நீர் ஆவியாகாமலிருக்க மிதக்கவிட்டதைப் பார்த்து நாம் சிரித்த அதே தெர்மாகோல்தான். களத்துச் சிமெண்டில் விழுவதற்கும் வைக்கோல் போரில் விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கனத்தில் அது கொடுத்துவிடுகிறது. விழும் தலை சட்டென்று நின்றால் உள்ளே மூளை மண்டையோட்டில் மோதும். குருணை குருணையான தெர்மாகோல் நசுங்கிக்கொண்டே கொஞ்சம் அவகாசம் கொடுத்துத் தலையை நிறுத்துகிறது. நசுங்கியது மறுபடி உப்பாது. அதனால் பலமாக ஒருமுறை அடிபட்ட ஹெல்மெட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும், குப்பைக்குத்தான். கார் பந்தயத்துக்கு ஹெல்மெட் செய்துவந்த அமெரிக்காவின் பெல் நிறுவனம், கெட்டி ஓட்டுக்குள் இதை வைத்து 1975இல் 'பெல் பைக்கர்' என்று விற்றது. இன்றைய சைக்கிள் ஹெல்மெட்டுகளுக்கெல்லாம் மூத்தது அதுதான்.

கெய்ர்ன்ஸ் பிறந்த நாட்டிலேயே, விக்டோரியா மாநிலத்தில், 1990 ஜூலை 1 அன்று எல்லாச் சைக்கிள்காரர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயமானது. சண்டையும் அன்றே தொடங்கியது. பிள்ளைகள் சைக்கிளையே விட்டுவிட்டார்கள் என்றார்கள் ஒரு சாரார். நெதர்லாந்தில் தனிப்பாதை இருக்கிறது, அங்கே யாரும் போடுவதில்லையே என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அடிபட்டவர்களின் கணக்கு வேறு சொல்கிறது. 40 ஆய்வுகளைத் திரட்டி 2016இல் வெளியான கணக்கில், ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய 69 சதவீதம் குறைவு.

சரி, நம்ம ராஜகுளத்துக்கு இது வேண்டுமா? சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். லாரிக்குக் குறைவில்லை. இங்கே பிள்ளைகள் ஓட்டுவது அரசு கொடுக்கும் இலவச சைக்கிள். 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்குமாக விரிந்த திட்டம். சைக்கிளோடு ஹெல்மெட் வருவதில்லை. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் பைக்கோடு நின்றுவிடுகிறது.

லாரி மோதினால் தெர்மாகோல் என்ன செய்யும் என்று கேட்பவருக்கு என் பதில்: பெரிதாக ஒன்றும் செய்யாது. ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட்டைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்துதான் போடுகிறார்கள். தட்டையான இரும்பில் மோதும்போது வேகம் மணிக்கு 19.5 கிலோமீட்டர். சைக்கிளில் உட்கார்ந்தவன் தலை தரைக்கு வரும் கணக்கு அது. சாலையோர ஜல்லியில் சறுக்குவது, குறுக்கே நாய் ஓடுவது, செயின் கழன்று குப்புற விழுவது – பள்ளிக்கூடத்துப் பிள்ளை விழுவது பெரும்பாலும் இப்படித்தான். அதற்கு இது போதும். லாரிக்கு வேண்டியது தனிப்பாதை. அதை ஹெல்மெட்டிடம் கேட்கக் கூடாது. ஆகவே, போடுங்கள் என்பதே என் கட்சி. சித்திரை வெயிலில் வேர்க்கும்தான். காற்றுத் துளை நிறைய உள்ளதாக வாங்கலாம்.

வாங்கும்போது உள்பக்கம் விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தைபோல அமுங்கி எழும்பும் ஸ்பாஞ்சு மட்டும் இருந்தால் அது விளையாட்டுச் சாமான். அதற்குப் பின்னால் கெட்டியாகத் தெர்மாகோல் தட்டுப்பட வேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல்கடை விட்டு நேராக உட்கார வேண்டும். பட்டை காதைச் சுற்றி இறங்கித் தாடைக்கடியில் இறுக வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு இதில்தான் வம்பு. பள்ளிக்கூடத்தில் ரெட்டைச் சடையை மடித்து, காதுக்குப் பின்னால் ரிப்பன் முடிச்சு போட்டு வரச்சொன்னால் பட்டை எங்கே படியும்? சைக்கிளில் வருகிற பெண்களை மட்டுமாவது ஒற்றைச் சடையோடு வரவிடலாம்.