செங்குத்துப் பாதை யாரைத் தடுத்தது?

சேந்தமங்கலத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கொல்லிமலை ஒரு சுவர். படிப்படியாக உயராமல் சட்டென்று எழும்பி, 1000 முதல் 1300 மீட்டர் உயரத்துக்குப் போய் நிற்கிறது. இந்தச் செங்குத்தை வைத்தே மலையின் வரலாற்றையும் எழுதிவிடுகிறார்கள்: ஏற முடியாத மலை, அதனால் வெளியுலகம் தொடாத மலை, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை வந்த பிறகுதான் கண் திறந்த மலை. கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுகள்தான் ஒத்துவரவில்லை. ஏற்றம் கடினம் என்பது உண்மை. ஆனால் அது எல்லோரையும் ஒன்றுபோலத் தடுக்கவில்லை. தலைச்சுமைக்காரரை விட்டுவிட்டு, வண்டியையும் அதிகாரத்தையும்தான் தயங்க வைத்தது.

முதலில் உப்பை எடுத்துக்கொள்வோம். மலையில் நெல் விளையும், சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும், பலா காய்க்கும், தேன் கிடைக்கும். உப்பு மட்டும் விளையாது. மேலே மனிதர்கள் வாழ்ந்த காலமெல்லாம் அது கீழிருந்துதான் ஏறியிருக்க வேண்டும். சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டால் இரு கையும் விடுபடும், வேரையோ பாறையையோ பிடித்து ஏறலாம். காவடித் தண்டுக்கு இடம் கொடாத வழியில் அதுதான் தோது. கொல்லிமலைக்குக் கூரான உச்சி கிடையாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறி முடித்தால் கிடைப்பது வயலும் ஊரும் உள்ள மேட்டுநிலம். வெறும் காட்சிக்காக யாரும் ஏறவில்லை. சங்கப் பாடல்களும் இதற்கு எதிராகப் பேசவில்லை. கடையெழு வள்ளல்களில் ஒருவனும் கொல்லியை ஆண்டவனுமான வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றுப் பாட்டில், பாணர் கூட்டம் காட்டில் வேட்டையாடும் ஓரியைக் கண்டு பரிசில் பெறுகிறது. இசைக்கருவிகளைச் சுமந்துகொண்டு விறலியரோடு போகிறவர்கள் அவர்கள். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியும் அகநானூற்றில் உண்டு. போர் அடிவாரத்திலேயே நடந்திருக்கலாமே என்று கேட்டால், நடந்திருக்கலாம். ஆனால் ஏறி ஆளவும் அனுபவிக்கவும் முடியாத மலைக்காக இரண்டு குறுநில மன்னர்கள் மோதி, மூன்றாவது ஒருவன் அதை வாங்கிக்கொண்டான் என்பது நம்பும்படியாக இல்லை. இன்று அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் மரபுக் கதையும் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஏறியவர்கள் என்றுதான் சொல்கிறது. கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மலையில் இருப்பவர்களே தங்களைக் கீழிருந்து வந்தவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பது போதும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வெளியாரைத் தடுத்தது சரிவல்ல, மலேரியா என்பார்கள். பாதி உண்மை. சேந்தமங்கலத்திலிருந்து மேலே போன ஆங்கிலேய மிஷனரி ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். அவர் மனைவி ஈவ்லின் 1913-ல் மணமான கையோடு டோலியில் மலையேறியவர். அடுத்த ஆண்டு பிறந்த மகன் பால் பிராண்ட்தான் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் பெயர் பெற்றவர். காய்ச்சல் வந்தவரை நிறுத்தவில்லை, வந்தபின் கொன்றது. சரிவு அதற்கு முந்தியே தன் வேலையைக் காட்டிவிடும். டோலி என்பது தண்டில் தொங்கும் இருக்கை. ஏற்றத்தில் முன்னால் போகிறவர்கள் தண்டைத் தாழ்த்திப் பிடிக்க, பின்னால் வருகிறவர்கள் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் இருப்பவர் பின்னோக்கிச் சரிவார். ஒரு துரையை மேலே சேர்க்கவே இத்தனை தோள்கள் வேண்டியிருந்தால், தாசில்தாரும் கணக்கரும் அடிக்கடி எப்படி ஏறுவார்கள்? மலை தனக்கென வைத்திருந்த நாட்டுப் பிரிவுகள் தேயாமல் நின்றதற்கு இதை ஒரு காரணமாகக் கொள்கிறேன். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்று இன்றைய ஊராட்சிகளும் அந்தப் பெயர்களிலேயே இருக்கின்றன. அரசு மலையை மாற்றி வகுக்காமல், இருந்த வகுப்பை ஏற்றுக்கொண்டது.

இதைச் சொல்வதால் பழைய பாதையைப் புகழ்வதாக ஆகாது. பிரசவ வலி கண்டவளையும் பாம்பு கடித்தவனையும் அதே டோலியில்தான் இறக்கியிருப்பார்கள், வழியிலேயே முடிந்துபோன உயிர்களுக்குக் கணக்கில்லை. மலைமக்கள் சாலையை விரும்பியதில் வியப்பென்ன? ஆனால் சாலை வந்ததும், அதுவரை ஏற மறுத்தவையெல்லாம் லாரியோடு சேர்ந்து ஏறின. அதிகாரத்தைத் தள்ளி நிறுத்தியது என்ற, தலைச்சுமைப் பாதையின் ஒரே ஆதாயமும் போயிற்று. ஒற்றையடிப் பாதை பிழைப்பிலிருந்து கழன்று, சவாலுக்காக நடப்பவர்களின் கைக்கு வந்தது. புளியஞ்சோலைப் பக்கமிருந்து ஏறுபவர்கள் அதை வீரமாகச் சொல்லிக்கொள்வதில் தவறில்லை, உப்புச் சுமைக்காரர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார், அவ்வளவுதான். பஸ்ஸில் அறப்பளீசுவரர் கோயிலுக்கு வருபவர்களுக்கு இப்போது மிஞ்சியிருக்கும் கடினமான ஏற்றம் தலைகீழானது: ஆகாய கங்கை அருவிக்குப் படிகளில் முதலில் இறங்கி, குளித்து ஈரத்தோடு, அத்தனை படிகளையும் மூச்சுவாங்கத் திரும்ப ஏற வேண்டும்.