செருகுநிரலும் பக்கப்படிமமும்: இந்திய மின்னூலகத் தமிழ் நூல்கள்

முன்னுரை

நூல் அழியாதிருப்பினும் அதனைக் காட்டும் கருவி வழக்கொழியுமாயின் அந்நூல் படிப்போர்க்கு எட்டாததாகிவிடும். டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா எனப்பட்ட இந்திய மின்னூலகத்தின் வரலாற்றின்வழி இச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்

அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ராஜ் ரெட்டி முன்னின்று நடத்திய பத்து இலட்சம் நூல்கள் திட்டத்தின் இந்தியப் பகுதியாக இம்மின்னூலகம் அமைந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் இதனை ஒருங்கிணைத்தது. 2003ஆம் ஆண்டில் இதன் இணையதளம் தொடங்கப்பெற்றது. தமிழ் நூல்களும் இதில் மிகுதியாக இடம்பெற்றன. சென்னை நூலகங்களுக்குத் தொலைவில், கர்நாடக எல்லையூரான அத்திபெலே போன்ற இடங்களில் வாழும் ஆய்வாளரும் பழம்பதிப்புகளை இருந்த இடத்திலிருந்தே காண இது வழிவகுத்தது.

செருகுநிரல் தடை

நூற்பக்கங்கள் ஓர் அங்குலத்திற்கு 600 புள்ளி என்னும் செறிவில் வருடப்பெற்று, டிஃப் எனும் படக்கோப்புகளாகச் சேமிக்கப்பட்டன. பாதுகாப்பிற்கு இவ்வடிவம் ஏற்றதே. ஆயின் பெரும்பாலான உலாவிகள் இதனைத் தாமாகக் காட்டா. எனவே ஆல்டர்னாடிஃப் போன்ற செருகுநிரலைப் படிப்போர் தம் கணினியில் தனியே நிறுவவேண்டியிருந்தது. அதன்பின்னும் பக்கம் பக்கமாகவே படிக்க இயன்றது.

பிற்காலத்தில் பாதுகாப்புக் குறைகளையும் நிலையின்மையையும் கருதி, உலாவி நிறுவனங்கள் நெட்ஸ்கேப் காலத்துச் செருகுநிரல் முறையைக் கைவிட்டன. குரோம் 2015ஆம் ஆண்டிலும், ஃபிளாஷ் ஒன்றனை மட்டும் விலக்காகக் கொண்டு ஃபயர்பாக்ஸ் 2017ஆம் ஆண்டிலும் அதனை நீக்கின. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11 உலாவிக்கான பொது ஆதரவு 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் முடிவுற்றது.

படியெடுப்பும் மீட்பும்

மின்னூலகத்தின் இணையதளமும் பின்னர்ப் பதிப்புரிமைச் சிக்கலால் மூடப்பட்டது. எனினும் நூல்கள் மறையவில்லை. கார்ல் மலமூதின் பப்ளிக் ரிசோர்ஸ் அமைப்பு 2017ஆம் ஆண்டில் இலட்சக்கணக்கான நூல்களின் படிகளை இன்டர்நெட் ஆர்க்கைவில் பி.டி.எஃப். வடிவில் ஏற்றியது. அவற்றைப் படிக்கச் செருகுநிரல் தேவையில்லை. பக்கப்படிமங்கள் பலரும் அறிந்த பொதுவடிவில் இருந்தமையே இம்மாற்றத்தை எளிதாக்கியது எனலாம். செல்லரிக்குமுன் புதிய ஏட்டில் படியெடுத்துச் சுவடிகளைக் காத்த மரபு இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

எஞ்சிய குறை

படிமங்கள் மீண்டபோதும் நூற்பட்டியலின் குறைகள் நீங்கவில்லை. தமிழ்த் தலைப்புகள் உரோமன் எழுத்தில், ஒழுங்கற்ற ஒலிபெயர்ப்பில் பதியப்பட்டிருந்தன. லகர, ளகர, ழகர வேறுபாடுகள் அதில் புலப்படாமையால், உள்ள நூலும் இல்லாததாகத் தோன்றுகிறது. மேலும், பழைய இணைய முகவரியை மட்டும் சான்றாகத் தந்த ஆய்வுகளில் அம்மேற்கோளைச் சரிபார்த்தல் அரிதாகிவிட்டது.

முடிவுரை

காட்டும் கருவி மாறும். படிமமும் நூற்குறிப்புமே நிலைப்பன. ஆதலின் மின்னூலைச் சான்று காட்டுவோர் ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, பக்கம் ஆகியவற்றுடன் மின்னூலகம் அந்நூலுக்கு வழங்கிய பட்டைக்குறி எண்ணையும் தருதல் வேண்டும். தமிழ்த் தலைப்புகளைத் தமிழ் எழுத்திலேயே திருத்திப் பதிவது தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க உடனடிப் பணியாகும்.